தலைக்காயமா, மனச்சோர்வா? ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்துக்குப் பிறகு என் கணவர் வேறு ஆளாகிவிட்டார். ஸ்கேன் எடுத்தால் மூளைக் காயமா, மனநோயா என்று தெரிந்துவிடாதா?

பாதிக் கேள்விக்குத்தான் ஸ்கேன் பதில் சொல்லும். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா, வீக்கம் உண்டா, எங்காவது திசு கெட்டுப்போயிருக்கிறதா என்பதைக் காட்டும். அவர் ஏன் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் மேல் ஏன் எரிந்து விழுகிறார் என்பதைக் காட்டாது. மனச்சோர்வு, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு போன்றவற்றை ஒரு தனி ஆளின் ஸ்கேனைப் பார்த்து உறுதி செய்ய அங்கீகரிக்கப்பட்ட முறை எதுவும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக் குழு 2018-இல் எல்லா ஆதாரங்களையும் அலசிவிட்டு இந்த முடிவுக்குத்தான் வந்தது. மனநலச் சிக்கலுடன் வருகிறவருக்கு ஸ்கேன் எடுப்பதே கட்டி, ரத்தக்கசிவு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று தள்ளிவிடுவதற்காகத்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'இதுவா, அதுவா' என்று கேட்பதே பல வீடுகளில் பொருந்தாத கேள்வி. இரண்டும் சேர்ந்திருப்பதுதான் அதிகம். அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

இரண்டையும் பிரிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

அறிகுறிகளை எழுதிப் பாருங்கள். தூக்கம் கெடுகிறது. களைப்பு. மறதி. எதிலும் கவனம் நிற்கவில்லை. சட்டென்று கோபம் வருகிறது. பிடித்த காரியங்களில்கூட நாட்டமில்லை. இதை மூளை அதிர்ச்சிக்குப் பிந்தைய நிலை என்றும் படிக்கலாம், மனச்சோர்வு என்றும் படிக்கலாம். போர், விபத்து, தாக்குதல் போன்றவற்றுக்குப் பின் நீடிக்கும் பி.டி.எஸ்.டி. என்ற மன உளைச்சல் நோயிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். மேலும், தலையில் அடிபட்ட அதே நிகழ்ச்சிதான் மனத்தையும் உலுக்கியிருக்கும். லாரி மோதிய அந்த நொடியில் மண்டையும் அடிபடுகிறது, கூட வந்த நண்பனும் இறந்துபோகிறான். இதில் எந்த அறிகுறி எதிலிருந்து வந்தது என்று எப்படிக் கூறுபோடுவது?

சி.டி. ஸ்கேன் 'நார்மல்' என்று வந்தது. அப்படியானால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, அவசர அறுவை தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுக்கப்பட்டது 1971 அக்டோபரில், லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில். இன்று அதன் பலம் ஒன்றுதான்: எலும்பு முறிவையும் புது ரத்தத்தையும் சில நொடிகளில் காட்டிவிடும். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கு அதுதான் தேவை. ஆனால் மண்டை திடீரென்று சுழன்று நிற்கும்போது, மூளைக்குள் நீண்டு ஓடும் நரம்பிழைகள் இழுபடுகின்றன, சில அறுபடுகின்றன. அந்த இழைகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமன் கொண்டவை. சி.டி.யின் கண்ணுக்கு அது எட்டாது.

லேசான தலைக்காயம் என்று வகைப்படுத்தப்படுகிறவர்களில், அதாவது நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை பெறுகிறவர்களில், பெரும்பாலோருக்கு சி.டி. சுத்தமாகத்தான் இருக்கும். 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சி.டி. நார்மலாக இருந்த இத்தகைய நோயாளிகளில் 27 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் காயத்தின் தடயம் தெரிந்தது. 'லேசான' என்ற சொல் அடிபட்ட நேரத்தில் இருந்த நினைவு நிலையைக் குறிப்பது. அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் நேரடியாக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமே. அதில் என்னதான் தெரியும்?

அறிகுறிகள் வாரக்கணக்கில் நீடித்தால் எம்.ஆர்.ஐ. நியாயமான அடுத்த படி. எந்த வகைப் படங்கள் எடுக்கப்படுகின்றன என்பது முக்கியம். எஸ்.டபிள்யு.ஐ. என்றொரு வரிசை உண்டு. ரத்தம் கசிந்து உலர்ந்த இடத்தில் தங்கிவிடும் இரும்புச்சத்து, காந்தப் புலத்தைச் சற்றுக் குலைக்கும். அந்த இடம் படத்தில் கரும்புள்ளியாக விழும். சாதாரண வரிசைகளில் கண்ணுக்குப் படாத கடுகளவு கசிவுகள்கூட இதில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருளும் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளும் சந்திக்கும் விளிம்பில், மிளகு தூவியதுபோல் தெரிய வரும். வருடங்கள் கழித்து எடுத்தாலும் பல புள்ளிகள் அப்படியே இருக்கும்.

காயம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் பேசும். கண்குழிக்கு மேலே மண்டையோட்டின் உட்தளம் வழவழப்பாக இருக்காது. மேடும் பள்ளமுமாகச் சொரசொரவென்று இருக்கும். மூளை குலுங்கும்போது அதன் முன்பகுதியான நெற்றிமடலின் அடிப்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியான பொட்டுமடலின் நுனியும் அதில் உரசி நசுங்குகின்றன. நிதானம், அடக்கம், சூழ்நிலைக்கு ஏற்ற பேச்சு ஆகியவற்றுக்கு இந்தப் பகுதிகள் வேண்டும். அங்கே பழைய வடு தெரிந்து, ஆளும் முன்பின் யோசிக்காமல் பேசுகிறவராக மாறியிருந்தால், இரண்டையும் இணைத்துப் பார்க்க நல்ல காரணம் இருக்கிறது.

அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புள்ளிகள் ஏராளமாக இருந்தும் வேலைக்குத் திரும்பிக் கலகலப்பாக இருக்கிறவர்கள் உண்டு. ஒரு புள்ளிகூட இல்லாமல் படுக்கையை விட்டு எழாதவர்களும் உண்டு.

மனச்சோர்வுக்கு மூளையில் எந்த அடையாளமும் இல்லையா? பத்திரிகைகளில் வண்ணப் படங்கள் வருகின்றனவே?

வித்தியாசங்கள் உண்டு. ஆனால் அவை கூட்டத்தின் சராசரியில்தான் தெரிகின்றன. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டு ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்கள் சுமார் 1,700 பேரையும் இல்லாதவர்கள் 7,000-க்கும் மேற்பட்டோரையும் ஒப்பிட்டது. நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி நோயாளிகளுக்குச் சராசரியாக ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் சிறியதாக இருந்தது. அவ்வளவுதான்.

2022-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கேள்வியைத் தலைகீழாகப் போட்டார்கள்: தனி ஆளின் படத்தைப் பார்த்து இவர் நோயாளியா, இல்லையா என்று சொல்ல முடியுமா? 1,809 பேரிடம் மூளையின் அமைப்பு, இணைப்பு, செயல்பாடு என்று பலவகை எம்.ஆர்.ஐ. அளவீடுகள் எடுத்தார்கள். எந்த அளவீட்டை எடுத்தாலும் நோயாளிகளும் மற்றவர்களும் 87 முதல் 95 சதவீதம் வரை ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தார்கள். தனி ஆளைச் சரியாக வகைப்படுத்தியது 54 முதல் 56 சதவீதம் வரைதான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும்.

ஆண்கள் சராசரியாகப் பெண்களைவிட உயரம் என்பது உண்மை. அதற்காக ஒருவரின் உயரத்தை மட்டும் சொல்லி ஆணா பெண்ணா என்று கேட்டால் பதில் சொல்ல முடியுமா? மனச்சோர்வு ஸ்கேனின் நிலை அதைவிடவும் மோசம்.

'ஸ்பெக்ட்' ஸ்கேன் மூளைக் காயத்தையும் மனநோயையும் பிரித்துக் காட்டிவிடும் என்று இணையத்தில் படித்தேன். உண்மையா?

இந்தப் பேச்சுக்கு ஒரு தொடக்கம் உண்டு. அமெரிக்காவில் ஆமென் கிளினிக்குகள் என்ற பெயரில் மனநல மையங்களை நடத்தும் டேனியல் ஆமென், தன் நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாக, மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமாக்கும் ஸ்பெக்ட் எடுத்து வருகிறார். 2015-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, 20,000-க்கும் மேற்பட்டோரின் படங்களை வைத்து, பி.டி.எஸ்.டி.யையும் தலைக்காயத்தையும் பிரித்தறியலாம் என்றது. பி.டி.எஸ்.டி.யில் உணர்ச்சி சார்ந்த பகுதிகளில் ரத்த ஓட்டம் கூடுகிறது, காயத்தில் குறைகிறது என்பது அதன் சாரம். செய்தித்தாள்கள் அள்ளிக்கொண்டன.

முதலில் ஸ்பெக்ட் எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். ஓரிரு நிமிடத்தில் அது ரத்த ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் மூளைத் திசுவுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். பிறகு அரை மணி நேரம் கழித்துப் படம் எடுத்தாலும், அதில் பதிவது ஊசி போட்ட அந்த ஓரிரு நிமிடத்தின் மூளைதான். ஊசியைக் கண்டு பயந்தவர், முதல்நாள் தூங்காதவர், வாசலில் சிகரெட் பிடித்துவிட்டு வந்தவர், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் எல்லோருடைய படமும் வேறுபடும். வண்ணமோ கணினி கொடுப்பது. எந்த அளவுக்குக் கீழே நீலம், எதற்கு மேலே சிவப்பு என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் மூளையில் 'ஓட்டை' தோன்றும், மறையும். அந்த ஓட்டையைக் கண்டு கலங்கிப்போகும் நோயாளிக்கு, அங்கே ஓட்டை எதுவும் இல்லை, ரத்த ஓட்டம் சற்றுக் குறைவு என்று பொறுமையாக யாராவது விளக்க வேண்டும்.

இப்போது ஆய்வுக்கு வருவோம். தரவு முழுக்க அந்தக் கிளினிக்குகளின் கோப்புகளிலிருந்து வந்தது. ஆய்வை நடத்தியவரே அந்தச் சேவையை விற்கிறவர். முடிவு பொய் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் சம்பந்தமில்லாத வேறு குழுக்கள் யாருக்கு என்ன நோய் என்று தெரியாமல் படங்களை மட்டும் வைத்துச் சோதித்து அதே விடை வரும்வரை காத்திருக்க இது போதுமான காரணம். அதைவிடப் பெரிய சிக்கல், நெற்றிமடலில் ரத்த ஓட்டம் குறைவது காயத்துக்கு மட்டும் உரியதல்ல என்பது. மனச்சோர்விலும் குறையும், நீண்டநாள் குடிப்பழக்கத்திலும் குறையும். வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும் மனிதர் பெரும்பாலும் இந்த மூன்றில் இரண்டையாவது சுமந்துகொண்டு வருகிறவர்.

ஸ்பெக்டையே ஒதுக்கச் சொல்லவில்லை. வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதிலும், சிலவகை மறதி நோய்களைப் பிரிப்பதிலும் அதற்கு இடமுண்டு. தலைக்காயமா மனச்சோர்வா என்ற வழக்கில் அது நம்பத்தக்க சாட்சியல்ல. உங்கள் ஊரில் யாராவது இதற்கென்று ஒரு 'பேக்கேஜ்' விற்றால், அந்தப் பணத்தை மனநல மருத்துவரிடம் போய்வரும் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போர்வீரர்களிடம் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தத் துறையில் மிகச் சுவையான பகுதி இதுதான். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் சாலையோரக் குண்டுகளில் சிக்கிய அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் மறதி, எரிச்சல், தூக்கமின்மையோடு திரும்பினார்கள். குண்டின் அதிர்வு மூளையைக் கெடுத்ததா, போரின் பயங்கரம் மனத்தைக் கெடுத்ததா?

2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இராக்கிலிருந்து திரும்பிய 2,525 வீரர்களை ஆராய்ந்தார்கள். லேசான தலைக்காயம் பட்டவர்களுக்கு உடல் உபாதைகள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பி.டி.எஸ்.டி.யையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்துக் கழித்ததும், தலைவலி தவிர மற்றவற்றில் தலைக்காயத்தின் பங்கு கரைந்துபோனது. ஆக எல்லாம் மனம்தான் என்று ஒரு தரப்பு மகிழ்ந்தது.

2011-இல் முடிவுகளை வெளியிட்ட வேறொரு குழு, குண்டுவெடிப்பில் அடிபட்டு ஜெர்மனியின் லான்ஸ்டூல் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 63 வீரர்களைப் பார்த்தது. அனைவருக்கும் சி.டி. நார்மல். நரம்பிழைகளின் திசையையும் ஒழுங்கையும் அளக்கும் டி.டி.ஐ. வகை எம்.ஆர்.ஐ.யில் 18 பேருக்குத் தெளிவான குலைவு தெரிந்தது. மீதி 45 பேர்? அவர்களுக்கு அந்தக் கருவியிலும் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. அதனால் காயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

2016-இல் வந்த செய்தி இன்னும் உறுத்தலானது. குண்டுவெடிப்பை எதிர்கொண்டு, பின்னாளில் இறந்த வீரர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மூளைப் பரப்புக்கு அடியிலும், ரத்தக்குழாய்களைச் சுற்றியும், சாம்பல் வெண்பொருள் எல்லையிலும் ஒருவகை வடு படிந்திருந்தது. வழக்கமான ஸ்கேன் எதிலும் அது தெரியாது. குண்டுவெடிப்பில் சிக்கிப் பல காலம் வாழ்ந்து இறந்தவர்கள் அனைவருக்கும் உயிரோடு இருக்கும்போது பி.டி.எஸ்.டி. என்றே பெயரிடப்பட்டிருந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. வியட்நாம் போரில் மூளைக்குள் உலோகத் துணுக்கு பாய்ந்து பிழைத்த வீரர்களில், அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி சேதமடைந்தவர் ஒருவருக்குக்கூட பி.டி.எஸ்.டி. வரவில்லை. மூளையின் சில இடங்களில் காயம் மனநோயைக் கொண்டுவருகிறது, சில இடங்களில் அதைத் தடுத்தும் விடுகிறது. மூளைக் காயம் ஒரு பெட்டி, மனநோய் வேறு பெட்டி என்ற பிரிவினை இந்த ஒரு ஆய்விலேயே ஆட்டம் கண்டுவிட்டது.

இரண்டும் சேர்ந்து வருவது எவ்வளவு சாதாரணம்?

மிகச் சாதாரணம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தலைக்காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 559 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 53 சதவீதம் பேர் அந்த ஆண்டுக்குள் கடும் மனச்சோர்வுக்கான வரையறைக்குள் வந்தார்கள். லேசான காயத்திலும் இது உண்டு. 2019-இல் வெளியான ஆய்வில், அடிபட்ட ஆறு மாதத்தில் பி.டி.எஸ்.டி. அல்லது மனச்சோர்வு இருந்தவர்கள் லேசான தலைக்காயத்தில் 21 சதவீதம். தலையில் அடிபடாமல் கை கால் முறிந்தவர்களில் 12 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். விபத்து என்ற நிகழ்ச்சிக்கும், வேலை போனதற்கும், வலிக்கும், கடனுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

2022-இல் தமிழகத்தில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாகின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். தலையில் தையல் பிரித்த நாளோடு சிகிச்சை முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் இதில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு டாக்டர் எதை வைத்துத்தான் பிரிக்கிறார்?

கதையை வைத்து. முதலில் காலவரிசை: மாற்றம் அடிபட்ட மறுநாளே தொடங்கியதா, மூன்று மாதம் நன்றாக இருந்துவிட்டு வந்ததா? லேசான தலைக்காயத்தின் அறிகுறிகள் முதல் சில நாட்களில் உச்சத்தில் இருந்து படிப்படியாகக் குறைவது வழக்கம். குறைந்து வந்தது திடீரென்று ஏறினால், மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, அல்லது உள்ளே புதிதாக ஏதோ நடக்கிறது என்று தேட வேண்டும். விபத்துக்கு முன்பே மனச்சோர்வு இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு உண்டா என்பதையும் கேட்பார்.

அடுத்து, துக்கத்துக்கும் நாட்டமின்மைக்கும் உள்ள வித்தியாசம். நெற்றிமடல் அடிபட்ட சிலர் எதையும் தாமாகத் தொடங்கமாட்டார்கள்; குளிக்கச் சொன்னால் குளிப்பார்கள், சொல்லாவிட்டால் மாலைவரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். 'வருத்தமாக இருக்கிறதா?' என்று கேட்டால் 'இல்லையே' என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். மனச்சோர்வில் இருப்பவரிடம் குற்ற உணர்வும் நம்பிக்கையின்மையும் இருக்கும். 'நான் எல்லாருக்கும் பாரம்' என்பார். இன்னும் சிலர் தொலைக்காட்சி விளம்பரம் பார்த்துக்கூடத் தேம்பி அழுவார்கள், அரை நிமிடத்தில் நின்றுவிடும், உள்ளே துக்கம் இருக்காது. உணர்ச்சியின் வெளிப்பாட்டை அடக்கும் நரம்புப் பாதை பழுதானதால் வருவது அது. அதற்குத் தனி மருந்து உண்டு.

வாசனை தெரிகிறதா என்று கேட்டால் சிரிக்காதீர்கள். மோப்ப நரம்பு நெற்றிமடலின் அடியில் ஓடுகிறது. அடிபட்டபின் காபி வாசனை தெரியாமல் போனவருக்கு அதே அடியில் நெற்றிமடலும் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். இவை தவிர, நினைவாற்றல், கவனம், வேகம் ஆகியவற்றை மணிக்கணக்கில் சோதிக்கும் நரம்பு உளவியல் தேர்வும் உண்டு. பெங்களூரு நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

ஸ்கேன் எடுக்காமல் விட்டால் ஆபத்தான சந்தர்ப்பங்கள் எவை?

முதியவர்கள்தான் முதல் கவலை. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். மண்டையோட்டுக்கும் அதற்கும் இடையில் ஓடும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும். குளியலறையில் லேசாக இடித்துக்கொண்டாலும் அவற்றிலொன்று கிழிந்து, வாரக்கணக்கில் ரத்தம் சேரும். வெளியே தெரிவதெல்லாம் தாத்தா பேசுவதைக் குறைத்துக்கொண்டார், சாப்பாடு இறங்கவில்லை, எப்போதும் தூக்கம் என்பதுதான். 'பாட்டி போனதிலிருந்து இப்படித்தான்' என்று வீடே தீர்ப்பு எழுதிவிடும். மண்டையில் துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றியதும் சில நாளில் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பவர்கள் உண்டு. ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஒரு நுணுக்கம்: சி.டி.யில் புது ரத்தம் வெள்ளையாகவும் பழைய ரத்தம் கறுப்பாகவும் தெரியும். இடைப்பட்ட ஒன்று முதல் மூன்று வாரத்தில் அது மூளையின் நிறத்திலேயே இருக்கும். அவசரமாகப் பார்க்கும் கண் தவறவிடக்கூடும்.

நெற்றிமடலில் மெல்ல வளரும் கட்டியும் மனச்சோர்வு வேடத்தில் வரும். ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக மனநிலை மாற்றம், புதிதாக வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், விழித்ததும் வாந்தியோடு தலைவலி, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை, நாளுக்கு நாள் குழப்பம் இவற்றில் ஏதேனும் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா?

ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.எல்.1 என்ற இரண்டு புரதங்களை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் எடுத்து, சி.டி. தேவையா இல்லையா என்று முடிவு செய்ய அது உதவும். மாதங்கள் கழித்து வரும் மனமாற்றத்துக்கு அதில் விடை இல்லை. தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் போன்ற சாதாரணப் பரிசோதனைகள்தான் அந்தக் கட்டத்தில் அதிகம் பயன்படும்.

ஸ்கேனில் எதுவும் இல்லை. 'நடிக்கிறான்' என்கிறார்கள் வீட்டில்.

மேலே எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றுதானா? பிரித்தறிவதால் என்ன லாபம்?

கணிசமான பகுதி ஒன்றுதான்: தூக்கத்தைச் சீர்செய்வது, படிப்படியாக வேலைக்குத் திரும்புவது, மதுவை நிறுத்துவது, பேச்சுவழிச் சிகிச்சை. வித்தியாசம் மருந்தில் வருகிறது. மூளைக் காயம் பட்டவருக்கு வலிப்பு வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். மனச்சோர்வு மருந்துகளில் புப்ரோபியான் போன்றவை அதை மேலும் தூண்டக்கூடும். பதற்றத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் மறதியையும் தள்ளாட்டத்தையும் கூட்டும். ஆகவே மனநல மருத்துவரிடம் போனால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், தலையில் அடிபட்ட கதையைச் சொல்லாமல் வராதீர்கள். எழுந்து வரும்போது கதவருகே 'ஆமாம் டாக்டர், மூன்று வருடம் முன்பு பைக்கில் விழுந்தான்' என்று சொல்லும் குடும்பங்கள் அநேகம்.

டாக்டரிடம் எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

விபத்து அன்றைய மருத்துவமனைச் சீட்டு முதலில். அதில் நினைவு தப்பிய நேரமும் கிளாஸ்கோ எண்ணும் இருக்கும். அறிக்கைத் தாளோடு, ஸ்கேன் படங்கள் பதிந்த கணினித் தட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு வேண்டியது படங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள். கூடவே, அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிற ஒருவர் வர வேண்டும். தன்னிடம் ஏற்பட்ட மாற்றத்தைத் தானே உணர முடியாமல் போவதும் நெற்றிமடல் காயத்தின் ஓர் அறிகுறிதான்.

'இருந்து என்ன பயன்' என்று பேசுகிறார். ஸ்கேன் வரும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. டென்மார்க்கின் மக்கள் பதிவேடுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வில், தலைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் தற்கொலை விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. காரணம் மூளையா மனமா என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அன்றே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.